தேசிங்கு கட்டியது எது?

செஞ்சிக் கோட்டையில் வழிகாட்டியாக வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. கல்யாண மகாலின் அடியில் ஒரு முதியவர் கேட்டதும், அதற்கு நான் சொன்ன பதிலும் மட்டும் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

“தம்பி, இதுல நம்ம தேசிங்கு ராஜா கட்டுனது எது?”

“எதுவும் இல்லீங்க ஐயா. அவர் பத்து மாசம்தான் இங்க இருந்தார்.”

கேட்டபோது அவருடைய உள்ளங்கை மகாலின் சுவரில் பதிந்திருந்தது. என் பதிலுக்குப் பிறகு கையை எடுத்து, ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொடியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சிறுவயதில் விடிய விடிய உட்கார்ந்து தேசிங்கு ராஜன் கூத்துப் பார்த்ததை அதுவரை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், அதற்குப்பின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நான் சொன்னதில் பிழை இல்லை. சதுர முற்றத்தைச் சுற்றி அறைகளும், நடுவே அடுக்கடுக்காக எழுந்து கூம்பிய கூரையில் முடியும் கோபுரமும் கொண்ட அந்த மகால், தேசிங்கு பிறப்பதற்கு முன்பே எழுந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த அமைப்பும், பெரிய நெற்களஞ்சியங்களும் அவருக்கு முந்தியவையே. 1677இல் கோட்டையைக் கைப்பற்றிய சிவாஜி மதில்களை வலுப்படுத்தினார். 1698இல் அது முகலாயர் வசமாயிற்று. கோட்டையின் பொறுப்பிலிருந்த தந்தை சுவரூப் சிங் இறந்ததும் 1714இல் வந்த தேஜ் சிங்தான் நம் தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்து, அந்த ஆண்டே, இருபத்திரண்டு வயதில், போரில் இறந்தார். இதையெல்லாம் மறைத்து ஏதாவதொரு மண்டபத்தைக் காட்டி “இதுதான் ஐயா” என்று சொல்லியிருந்தால், பக்கத்தில் நின்ற அவருடைய பேரனுக்கும் சேர்த்துப் பொய் சொன்னவனாகியிருப்பேன்.

ஆனால் அவர் கட்டடத்தைப் பற்றித்தான் கேட்டாரா? கூத்தில் பார்த்த அந்த இளைஞனின் கை பட்ட ஒரு கல்லைத் தொட்டுவிட்டுப் போக வந்தவரிடம், கட்டியவர்களின் வரிசையை ஒப்பித்து, அதில் அவன் பெயர் இல்லை என்று நான் முடித்துவிட்டேன் என்றே சில நாட்கள் தோன்றுகிறது.

வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். “கட்டவில்லை, ஆனால் இந்தக் கோட்டைக்காக உயிரைக் கொடுத்தார்” என்று சொல்லியிருக்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இதே மதில்களுக்குள் இருந்துகொண்டுதான் சிவாஜியின் மகன் ராஜாராம் 1690 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முகலாயப் படையை நிறுத்தி வைத்தார். ராஜகிரியின் உச்சிக்கு அருகே பாறை பிளந்து கிடக்கும் பள்ளத்தின் மேல் இருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மேலே இருப்பவர்களை எளிதில் நெருங்க முடியாது. அப்படிப்பட்ட அரண் இருந்தும் தேசிங்கு சில நூறு குதிரை வீரர்களோடு வெளியே போய்ப் பெரும்படையோடு மோதினார். கோட்டையைக் கட்டாதவர் மட்டுமல்லர், அதைப் பயன்படுத்தாதவரும் கூட. ஊர் நினைவில் வைத்திருப்பதோ அவரைத்தான். கட்டிய நாயக்கர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவர் யாரையும் நான் அதிகம் பார்த்ததில்லை.

2025இல் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது அந்த முதியவரின் நினைவு மீண்டும் வந்தது. அங்கேயும் அவருடைய ராஜாவுக்கு இடமில்லை.

இன்று அதே கேள்வி வந்தாலும் அதே பதிலைத்தான் சொல்வேன் என்று நண்பர்களிடம் உறுதியாகச் சொல்லி வருகிறேன். ஆயினும் என்னோடு வருபவர்களை இப்போதெல்லாம் முதலில் கல்யாண மகாலுக்கு அழைத்துப் போவதில்லை. செட்டிக்குளத்தின் கரைக்குக் கூட்டிச் சென்று, தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதாகவும் அவர் மனைவி உடன்கட்டை ஏறியதாகவும் சொல்லப்படும் இடத்தைக் காட்டி, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை பேசாமல் நிற்கிறேன். யார் எதைக் கட்டினார்கள் என்பதை அதன் பிறகே தொடங்குகிறேன். அந்தப் பெரியவரை நான் அங்கே அழைத்துப் போகவில்லை. வெயில் ஏறிவிட்டது, நேரமில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.