ஃப்ராவ் முருகேசன் பேசுகிறேன்

கரூரில் நெய்த சமையலறைத் துண்டுகளையும் மேசை விரிப்புகளையும் வரவழைத்து ஃப்ராங்க்ஃபர்ட்டைச் சுற்றியுள்ள கடைகளுக்கு விற்பது என் தொழில். வசிப்பது ஒட்டினாற்போல் இருக்கும் ஆஃபன்பாக் நகரில். சென்னையில் ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ்முல்லர் பவனில் படித்த ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன், ரொட்டி வாங்கவும் வழி கேட்கவும் கைகொடுத்தது. வியாபார ஜெர்மன் வேறு வகை. அதில் இலக்கணம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பெயரும் எண்ணும் தேதியும்.

இங்கே அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார். "ஷ்மிட்." அவ்வளவுதான். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத நமக்கு இது பெரிய சங்கடம். கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் என் அப்பாவின் பெயர் ஏறியிருப்பதால், வங்கியிலிருந்து வாடிக்கையாளர் வரை எல்லோருக்கும் நான் ஃப்ராவ் முருகேசன். "திருமதி முருகேசன் நானல்லவா?" என்று அம்மா ஊரிலிருந்து சண்டைக்கு வருவார். ஆனால் பெண்களின் பெயருக்கு முன் வைக்கும் ஃப்ராவ் என்ற மரியாதைச் சொல்லுக்குத் திருமணக் கணக்கு கிடையாது. மணமாகாத பெண்ணைக் குறித்த ஃப்ராய்லைன் என்ற சொல்லை மேற்கு ஜெர்மனி 1972 இலேயே அரசு அலுவல் வழக்கிலிருந்து நீக்கிவிட்டது. இன்று ஒரு பெண்ணை அப்படி அழைத்தால் வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

பெயரைச் சொன்னால் போதாது, எழுத்தெழுத்தாகவும், ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஒரு சொல்லாகச் சொல்ல வேண்டும். மார்த்தா, உல்ரிஷ், ரிஷார்ட், உல்ரிஷ், குஸ்டாஃப், எமில், ஸாமுவேல், ஆன்டோன், நோர்ட்போல் என்று ஒப்பித்தால் எதிர்முனையில் முருகேசன் பிழையில்லாமல் பதிவாகும். வரிசையில் எல்லாம் ஆட்பெயர்களாக இருக்க, கடைசியில் மட்டும் நோர்ட்போல், அதாவது வடதுருவம், எங்கிருந்து வந்தது? முன்பு அந்த இடத்தில் நாதன் இருந்தார். 1934 இல் நாஜி ஆட்சி எழுத்துப் பட்டியலிலிருந்து யூதப் பெயர்களை எடுத்தபோது அவர் போய் வடதுருவம் வந்தது. போருக்குப் பின் ஸாமுவேல் திரும்பினார், நாதன் திரும்பவில்லை. 2022 இல் ஊர்ப் பெயர்களைக் கொண்டு புதிய பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் ஓ (O) என்ற எழுத்துக்கு எங்கள் ஆஃபன்பாக்தான் (Offenbach). ஆனாலும் மக்கள் வாயில் இன்னமும் பழைய ஆன்டோனும் நோர்ட்போலும்தான் புழங்குகின்றன.

அடுத்தது எண்கள். எண்பத்து நான்கை ஜெர்மானியர்கள் 'நான்கும் எண்பதும்' என்று சொல்வார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொன்னால், நான்கைக் கேட்டதும் நான்கை எழுதிவிடுகிற கை எட்டைக் கேட்டுத் திகைத்து நிற்கும். ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். அவர்களுக்கே இதில் சிக்கல் உண்டு: இரண்டு என்பதற்கான ட்ஸ்வை, மூன்று என்பதற்கான ட்ரை போலக் காதில் விழும் என்பதால் தொலைபேசியில் ட்ஸ்வோ என்று மாற்றிச் சொல்கிறார்கள். நேரமும் இப்படித்தான். ஹால்ப் ஆக்ட், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அரை எட்டு', எட்டரை மணி அல்ல, ஏழரை.

எழுத்தில் இன்னும் ஆபத்து. நாம் காற்புள்ளி இடுகிற இடத்தில் அவர்கள் புள்ளி வைக்கிறார்கள், புள்ளி இடத்தில் காற்புள்ளி. கரூரிலிருந்து வரும் விலைப்பட்டியலில் 1,250 என்று இருந்தால் இங்கே அதை ஒன்றேகால் என்று படிப்பார்கள். 1,25,000 என்ற நம் இலட்சக் கணக்கைக் கண்டால் கணக்குப் பிரிவே கையைப் பிசையும். அதனால் எந்தத் தாளும் என் கண்ணில் படாமல் வாடிக்கையாளருக்குப் போவதில்லை.

தேதி கேட்டால் வார எண் வரும். "38 ஆவது வாரத்தில் சரக்கு வேண்டும்" என்றால் செப்டம்பர் நடுப்பகுதி; அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமைக்குள் கிடங்கில் இறங்கியிருக்க வேண்டும். தீபாவளிக்குத் தறி நிற்கும், பொங்கலுக்கு ஆள் வரமாட்டார்கள் என்பதையெல்லாம் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் அமைதியாகக் குறித்துக்கொள்வார்கள். கப்பல் தூத்துக்குடியை விட்ட பிறகு சொன்னால் மன்னிப்பே கிடையாது. "பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் தலையை ஆட்டுவது அவர்களுக்கு விளங்காது. ஆம் என்றால் யா என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அது ஒப்பந்தம். முடியாது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இங்கே வியாபாரம் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சியில் இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். 2025 இல் அது தொடங்கிய நாள் தைப்பொங்கல். கரூர்க்காரர்கள் பொங்கலை விட்டுவிட்டு அரங்கில் நின்றார்கள். ஒரு கொள்முதல் அதிகாரி வந்தார். கை குலுக்கி, கண்ணைப் பார்த்து, பெயர் சொன்னார். துண்டை விரித்தார், இரு கையாலும் இழுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஐம்பதுக்கு எழுபது சென்டிமீட்டர் என்று நாங்கள் எழுதியிருந்த துண்டின் அகலம் நாற்பத்தொன்பதுதான் இருந்தது. "இது சரியில்லை, ஓரத் தையலும் நேராக இல்லை" என்றார். என் பக்கத்தில் நின்ற ஆலை முதலாளி அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆள் போய்விடுவார் என்றே நினைத்தார். அந்த அதிகாரியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சலவைக்குப் பின் எவ்வளவு சுருங்கும் என்று கேட்டார். குறை சொல்லி உட்காருகிறவர்தான் வாங்குகிறவர். "அருமை, அருமை" என்று சொல்லிவிட்டு நகர்கிறவரை நம்பிப் பயனில்லை. ஒரு ஜெர்மானியர் நிஷ்ட் ஷ்லெஷ்ட், மோசமில்லை, என்று சொன்னாலே தாராளமான பாராட்டு.

பேரமும் உண்டு, ஆனால் விலையைப் பாதியாகக் கேட்கும் பேரம் இல்லை. அளவைக் கூட்டினால் எவ்வளவு, 14 நாளில் பணம் கட்டினால் இரண்டு விழுக்காடு ஸ்கோன்டோ, அதாவது சீக்கிரம் கட்டுவதற்கான தள்ளுபடி, தருவீர்களா என்ற வகையில் நடக்கும்.

ஸீ என்ற மரியாதைச் சொல்லை விட்டு டூ என்ற ஒருமைக்கு எப்போது மாறலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களாக மாறாதீர்கள், வயதிலோ பதவியிலோ மூத்தவர் அழைக்க வேண்டும். நம் ஊரில் பெரியவர் நீ என்பார், சின்னவர் நீங்கள் என்பார். இங்கே வயதுவந்தவர்களுக்குள் அந்த ஏற்றத்தாழ்வு ஆகாது, இருவரும் ஒன்றாக மாற வேண்டும். ஓர் அறுபது வயதுக் கடைக்கார அம்மா சில ஆர்டர்களுக்குப் பிறகு காபி வாங்கிக் கொடுத்து, இனி டூ என்றே பேசலாம் என்றார். மறுநாள் மின்னஞ்சல் என் முதற்பெயரோடு அன்பாகத் தொடங்கியது. இரண்டாவது வரியில், நாற்பது துண்டுகளில் தையல் பிரிந்திருப்பதால் அவற்றின் விலையைக் கழித்துக்கொண்டு பணம் அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார். கணக்கைச் சரிபார்த்தேன், ஒரு சென்ட் கூடவுமில்லை, குறையவுமில்லை.