தீக்குச்சி உரசும் அரசர்கள்

இப்போது வரும் சரித்திர நாவல்களில் ஆடை, நகை வர்ணனைக்குக் குறைவில்லை. இடறுவது அன்றாடப் பொருள்களில்தான். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி 1827-இல்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதையில் நாயகன் விளக்கேற்ற வேண்டுமானால் சிக்கிமுக்கிக் கல்லோ, அணையாமல் காத்த தணலோ வேண்டும். 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' என்பதும் அப்படியே. ஊசல் கடிகாரம் 1656-இல் வந்த பிறகே நிமிட முள்ளுக்கு மதிப்பு. தூரமும் உதைக்கும்: ஒரே குதிரை நாள்தோறும் இருநூறு கிலோமீட்டர் ஓடாது, ஐம்பது, அறுபதே நல்ல கணக்கு. குதிரை மாற்றும் நிலையம் ஒன்றை எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். பின்னிணைப்பில் எது கற்பனை என்று சொல்லும் ஆசிரியர்களை நம்பி வாங்கலாம்.

காதல் கதைகளுக்கு என் சோதனை ஒன்றே. இருவரும் பத்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் சிக்கல் தீருமா? தீருமென்றால் முந்நூறு பக்கம் வீண். அத்தியாயத்துக்கு ஒருவராக இருவரும் 'நான்' என்று சொல்லும் பாணி பெருகிவிட்டது. பெயரை மறைத்தால் யார் குரலென்று தெரிவதில்லை.

குழந்தைகளுக்கான படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். அச்சுத்தாளை மடிக்கும் கணக்கு அது. திருப்பம் வலப்பக்கம் இருந்தால் தாளைப் புரட்டுமுன்பே குழந்தையின் கண்ணில் பட்டுவிடும். வாங்குமுன் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள்: மூச்சு முட்டினால் வைத்துவிடலாம்.