புத்தகம் பார்த்து எழுதும் தேர்வில் இரண்டு முறை தோற்றவள் சொல்வது

அரசு ஊழியர்கள் விதிப் புத்தகங்களைப் பார்த்தே எழுதும் துறைத் தேர்வான, சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு முதல் பகுதியில் மூன்றாவது முறையில் தேறிவிட்டேன். பதிவு எண்ணை நான்கு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் வீட்டில் சொன்னேன்.

குரூப் நான்கில் தேறி, ஒரு மேல்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள் நான். அலுவலகத்தில் நான் ஒருத்திதான். சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு, ரொக்கப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், எமிஸ் என்னும் பள்ளித் தகவல் இணையதளம், கருவூலத்துக்கு ஓட்டம் என எல்லாம் ஒரே மேசை. பவானிசாகரில் தரும் அடிப்படைப் பயிற்சியை முடித்தாயிற்று. உதவியாளர் பதவி உயர்வுக்கு அலுவலக நடைமுறைத் தேர்வும் கணக்குத் தேர்வும் வேண்டும். முதலாவதில் ஒரே முறையில் தேறினேன். அந்தத் தெம்பில்தான் கெட்டேன்.

எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் முதல் முறையிலேயே தேறி, மார்ச் 15 நிலவரப்படி தயாரான பதவி உயர்வுப் பட்டியலில் இடம்பிடித்து உதவியாளராகிவிட்டார். அவர் மேல் கோபமில்லை. "புத்தகம் பார்த்து எழுதுவதுதானே, அதுக்கு என்ன படிப்பு" என்று என்னிடம் சொன்னவர்கள் மேல்தான் கோபம். சொன்னவர்களில் பாதிப்பேர் இன்னும் தேறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் முறை என்ன நடந்தது? பணியேற்பிடைக் காலம், அதாவது மாறுதலில் போகிறவர் புது இடத்தில் சேரத் தரும் அவகாசம் பற்றி ஒரு கேள்வி. மாறுதலில் வரும் ஆசிரியர்களுக்கு நான் வருடா வருடம் கணக்குப் போடுவதுதான். அடிப்படை விதிகளை (ஆங்கிலத்தில் சுருக்கமாக எஃப்.ஆர்.) திறந்து விடுப்புப் பகுதியில் தேடினேன், இல்லை. ஊதியப் பகுதியில் தேடினேன், அங்கும் இல்லை. அது எஃப்.ஆர். 105-இல் தொடங்குகிறது. கண்டுபிடிப்பதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. விடை தெரிந்த கேள்விக்கு விதி எண் தேடியே அன்றைய தேர்வு போயிற்று.

இரண்டாவது முறை அடிப்படை விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போனேன். ஓய்வூதியத்துக்குத் தகுதியான பணிக்காலம் பற்றிய கேள்விக்கு, ஓய்வு வயதைச் சொல்லும் எஃப்.ஆர். 56-ஐச் சுற்றியே மேய்ந்துகொண்டிருந்தேன். அது 1978-ஆம் வருட ஓய்வூதிய விதிகளில் இருக்கிறது. எந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும் என்பதே அன்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது முறை புத்தகங்களைப் படிக்கவே இல்லை. பொருளடக்கத்தை மட்டும் எழுதினேன். தினமும் ஒரு புத்தகத்தின் பொருளடக்கம், கையால், பார்க்காமல் வரும்வரை. பழைய வினாத்தாளை எடுத்தால் விடை எழுத மாட்டேன். எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம், எந்த விதி என்று மட்டும் குறித்துவிட்டு, பிறகு திறந்து சரிபார்ப்பேன். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். இதை ஒன்றரை மாதம் செய்தேன். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

என் தலையில் உட்கார்ந்த வரைபடம் தோராயமாக இப்படி:

- சொற்களுக்கு விளக்கம்: எஃப்.ஆர். 9
- பதவி உயர்வில் ஊதிய நிர்ணயம்: 22-பி
- ஊதிய உயர்வுக்கு எந்தக் காலம் சேரும்: 26
- கூடுதல் பொறுப்பு: 49
- தற்காலிகப் பணிநீக்கம், அப்போது தரும் பிழைப்பூதியம், திரும்பப் பணியில் சேர்வது: 53, 54
- பணம் வாங்குவது, கட்டுவது, ரொக்கப் பதிவேடு: கருவூலத் தொகுப்பு
- இழப்பு, செலவு செய்வதில் கவனம்: நிதித் தொகுப்பு
- மறு ஒதுக்கீடு, மிச்ச நிதியை ஒப்படைப்பது: வரவு செலவுக் கையேடு

இன்னொன்று, பள்ளி அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி. மேசைக்கு வரும் ஒவ்வொரு தாளுக்கும் அன்றே விதியைத் தேடுங்கள். ஓர் ஆசிரியர் மருத்துவச் சான்று இல்லாமல் ஊதியமில்லா விடுப்பு எடுத்தார். அவருடைய ஊதிய உயர்வு தள்ளிப்போகும் என்று எனக்கு முன்பே தெரியும், பழைய கோப்பைப் பார்த்து அப்படியே செய்துவந்தேன். எஃப்.ஆர். 26-ஐத் திறந்து படித்த அன்றுதான் ஏன் என்று புரிந்தது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகளில் ஊதிய உயர்வு போடும்போதெல்லாம் அந்த விதி தானாக ஞாபகம் வரும். பட்ஜெட்டுக்காகப் பணியிடம், சம்பள விவரம் அனுப்பும் நம்பர் ஸ்டேட்மென்ட் தயாரிக்கும் வாரத்தில் வரவு செலவுக் கையேட்டை எடுத்தேன். அதுவரை எனக்கு அது தூக்க மாத்திரை.

மென்பொருளை நம்பாதீர்கள். களஞ்சியம் என்னும் அரசின் சம்பள மென்பொருளில் சம்பளம் போடப் போட, விதி மறந்துபோகிறது. தொகையைத் திரையே காட்டிவிடுகிறது. தேர்வில் கேட்பது அந்தத் தொகை எப்படி வந்தது என்பதைத்தான்.

இனி வருவது என் சுபாவத்துக்கு ஒத்த யோசனைகள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கூட்டாகப் படிக்காதீர்கள். நாங்கள் நான்கு பேர் சனிக்கிழமை கூடினோம், மாறுதல் கலந்தாய்வு பற்றிப் பேசியே சாயங்காலம் ஆகிவிட்டது. விடியற்காலைப் படிப்பும் வேண்டாம். பிள்ளை தூங்கிய பிறகு பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான் எனக்கு மூளை வேலை செய்தது. வழிகாட்டிப் புத்தகங்கள் வாங்கலாம், ஆனால் தேர்வறைக்குள் போவது விதிப் புத்தகம்தான், அதனால் பயிற்சியும் அதிலேயே இருக்கட்டும். அதில் பேனாவால் எதையும் எழுதி வைக்காதீர்கள். பழைய பதிப்பையும் தவிர்த்துவிடுங்கள். முதல் முறை நான் கொண்டுபோனது பீரோவுக்கு மேலே கிடந்தது, பல திருத்தங்கள் அதில் இல்லை.

விதிப் புத்தகத்தின் ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறவர்கள், கோப்பில் நாம் எழுதும் தமிழ்ச் சொல்லையும் அதற்கு இணையான ஆங்கிலச் சொல்லையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஈட்டிய விடுப்பு, ஈட்டா விடுப்பு, அசாதாரண விடுப்பு என்று தொடங்கினால் எண்பது சொல்லுக்குள் முடிந்துவிடும்.

விடுப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேர்வுக்கு முந்தைய வாரம் சம்பளப் பட்டியல் வாரத்தோடு மோதினால் யாரும் விட மாட்டார்கள். எனக்கு இரண்டாவது முறை அப்படித்தான் ஆயிற்று. பட்டியலை முன்கூட்டியே முடித்துவிட்டு, தலைமையாசிரியரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள்.

இனி துறைத் தேர்வில் தேறியவர்களின் எண்களை வெளியிடும் தேர்வாணையத்தின் புல்லட்டின் வர வேண்டும். எத்தனையோ ஆசிரியர்களுக்கு அதைப் பார்த்துத் துறைத் தேர்வுப் பதிவு எழுதியிருக்கிறேன். என் பணிப்பதிவேட்டில் அந்தப் பக்கம் ஒரே ஒரு வரியோடு இருக்கிறது. அடுத்த வரியை எழுதி, தலைமையாசிரியர் மேசையில் கையெழுத்துக்கு வைக்க வேண்டும்.