அட்டைகளிலிருந்து கணினிக்கு: வெள்ளவத்தையில் ஒரு பற்சிகிச்சை நிலையம் மாறிய விதம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் பற்சிகிச்சை நிலையம் இருக்கிறது. இரண்டு சிகிச்சைக் கதிரைகள், ஒரு வரவேற்பு மேசை, ஒடுக்கமான ஓர் எக்ஸ்ரே அறை, அவ்வளவுதான் இடம். நோயாளர் விபரங்கள் நெடுங்காலம் தடித்த அட்டைகளில்தான் இருந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்றி, எக்ஸ்ரேயையும் டிஜிட்டலாக்கிய பிறகு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவர்கள் தொலைபேசியில் அழைத்து "எந்த மென்பொருள் வாங்கினாய், என்ன விலை?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது பிறகு கேட்க வேண்டிய கேள்வி. ஒரு நோயாளியை எதை வைத்து அடையாளம் காண்பது, ஒரு பல்லை எந்த எண்ணால் குறிப்பது என்ற இரண்டையும் முதலில் காகிதத்தில் எழுதி, நிலையத்தில் வேலை செய்யும் எல்லோரும் ஒப்புக்கொண்ட பின்னரே விற்பனையாளரை உள்ளே அழைக்க வேண்டும்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போனது. எங்களுக்குக் காட்டப்பட்ட மென்பொருள்களில் பெரும்பாலானவை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்திருந்தன. இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? தகப்பன் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். திருமணமான பெண்கள் சிலர் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். வரவேற்பில் காலையில் இருப்பவர் ஒரு கட்டத்தில் போடும் பெயரை மாலையில் வருபவர் மற்றக் கட்டத்தில் போடுவார். போதாததற்கு, ஸ்ரீதரன் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். தேடிக் கிடைக்காவிட்டால் புதிய நோயாளி என்று பதிந்துவிடுவார்கள். பிறகு பென்சிலின் ஒவ்வாமை ஒரு பதிவில் இருக்கும், அன்று எழுதும் மருந்துச்சீட்டு இன்னொரு பதிவில் இருக்கும். உயிராபத்து அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது.

ஆகவே தேசிய அடையாள அட்டை இலக்கத்தை ஆதாரமாக எடுத்தோம். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கங்கள். ஒரே மனிதர் ஒருமுறை பழையதோடும் மறுமுறை புதியதோடும் வந்தால் கணினிக்கு அவர் இருவர். நல்லவேளையாக ஒன்றிலிருந்து மற்றதைப் பெற ஒழுங்கான வழி இருக்கிறது. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்களும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். முன்னால் 19 சேர்த்து, இந்த ஐந்துக்கும் பின்னால் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் 12 இலக்க வடிவம் வந்துவிடும். எந்த அட்டையைக் கொடுத்தாலும் கணினி தானாகவே 12 இலக்கமாக மாற்றிச் சேமிக்க வேண்டும் என்று கேட்டோம். நிரலாளருக்கு அது சிறிய வேலை. எங்களுக்குப் பெரிய நிம்மதி. சிறுவர்களுக்குத் தாயின் அல்லது தகப்பனின் இலக்கமும் பிறந்த திகதியும். விடுமுறையில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து பல் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு இலக்கம்.

அடுத்தது பல்லின் எண். நாங்கள் படித்ததும் எழுதுவதும் எஃப்டிஐ எனப்படும் ஈரிலக்க முறை. வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, நோயாளியின் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4 என்று கொள்வோம். ஒவ்வொரு பகுதியிலும் நடுவிலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுவோம். 16 என்றால் மேல் வலது முதலாவது கடைவாய்ப்பல். அமெரிக்காவில் வழக்கு வேறு. மேல் வலது ஞானப்பல்லில் 1 என்று தொடங்கி, மேல்வரிசையைச் சுற்றி, கீழ் இடதிலிருந்து திரும்பி, கீழ் வலது ஞானப்பல்லில் 32 என்று முடிப்பார்கள். அங்கே 16 என்பது மேல் இடது ஞானப்பல். ஒன்று எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டிய பல், மற்றது பெரும்பாலும் பிடுங்கக் கொடுக்கும் பல்.

பரீட்சார்த்தமாக நிறுவிப் பார்த்த மென்பொருள் அமெரிக்க முறையிலேயே வந்திருந்தது. திரையில் வாயின் படம் இருப்பதால் கண்ணுக்கு எதுவும் பிழையாகத் தெரியாது. சத்திரசிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்தை அச்சிட்டபோதுதான் விளங்கியது: படம் இல்லை, எண் மட்டும்தான் கடிதத்தில் இருந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கும் வைத்தியர் தனக்குத் தெரிந்த முறையில்தான் அதைப் படிப்பார். அமைப்பை மாற்றினோம். அதோடு நிற்காமல், எங்கள் நிலையத்திலிருந்து வெளியே போகும் எந்தக் கடிதத்திலும் எண்ணுக்குப் பக்கத்தில் "மேல் வலது முதலாவது கடைவாய்ப்பல்" என்று சொல்லாலும் எழுத வேண்டும் என்று விதி வைத்தோம். 51 முதல் 85 வரையான பாற்பற்களின் எண்களும் சரியாக வருகின்றனவா என்பதைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

பழைய அட்டைகளை மொத்தமாக ஆள்வைத்துத் தட்டச்சுச் செய்ய வேண்டாம் என்பது என் அழுத்தமான ஆலோசனை. முற்காலத்து அட்டைகளில் சிலுவைக் கோட்டின் மூலையில் எண் போடும் பாமர் முறைக் குறிப்புகள் இருக்கும்; பல் வைத்தியம் தெரியாதவர் அவற்றை மாற்றினால் இடம் வலமாகும். நோயாளி திரும்பி வரும் நாளில் அட்டையைப் படம் பிடித்துப் பதிவோடு இணைத்துவிட்டு, நோய் விபரங்களை அவரிடமே புதிதாகக் கேட்டோம். பல ஆண்டுகளுக்கு முந்திய அட்டையில் "நோய் எதுவும் இல்லை" என்று இருந்தவர்களுக்கு இப்போது நீரிழிவு இருக்கிறது. சிலர் குருதி உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார்கள். பல் பிடுங்குவதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். இப்போது அப்படிப்பட்ட பதிவைத் திறந்தவுடன் சிவப்புப் பட்டை தெரியும். அதைப் படித்தேன் என்று ஒப்பமிடாமல் மேலே போக முடியாது.

எக்ஸ்ரே பகுதி எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. வாய்க்குள் படச்சுருளுக்குப் பதிலாக மின்னணுச் சென்சரை வைக்கும் முறையை ஃபிரான்சிஸ் மூயென் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர் உருவாக்கி 1987 இல் அது சந்தைக்கு வந்தது. அந்த முதற் கருவியின் பெயரால் இம்முறையை நாங்கள் இன்றும் ஆர்விஜி என்றே சொல்கிறோம். கொழும்பு வெக்கையில் படச்சுருள் கழுவும் கரைசல் சூடேறிப் படம் கறுத்துப்போகும் தொல்லை ஒழிந்தது. வேர்ச்சிகிச்சையில் வேரின் நீளம் அளக்கும்போது, வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் மனிதர் படம் கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் என்றவுடன் கதிர்வீச்சு தானாகவே குறைந்துவிடாது. எக்ஸ்ரே இயந்திரம் அதே இயந்திரம்தான். அதன் நேரக் கணிப்பானைக் குறைத்தால்தான் அளவு குறையும். பொருத்த வந்தவர்கள் படச்சுருளுக்கு இருந்த நேரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள். மென்பொருள் வெளிச்சத்தைத் தானே சரிசெய்து அழகான படத்தைக் காட்டுவதால், தேவைக்கு மேல் கதிர் பாய்ந்தது யாருக்கும் தெரியாது. படம் தெளிவாக வரும் மிகக் குறைந்த நேரத்தை ஒவ்வொரு பல் வகைக்கும் கண்டுபிடித்து, பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் வேறாக எழுதி, இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிய பிறகே பயன்படுத்தத் தொடங்கினோம். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழான உரிமமும் முன்போலவே வேண்டும். சென்சர் தடிப்பானது, வளையாது. ஓங்காளிக்கும் நோயாளிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சென்சருக்குப் பதிலாக வாய்க்குள் வைத்துப் பிறகு கருவியில் வாசிக்கும் மெல்லிய பொஸ்பர் தகடு வைத்திருப்பது நல்லது.

மின்சாரம் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 2022 இன் மின்வெட்டுகளை இங்கு தொழில் செய்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கணினிகளும் வலையமைப்புப் பெட்டியும், மின்சாரம் போனதும் மின்கலத்திலிருந்து மின் தரும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். எக்ஸ்ரே இயந்திரத்தை அதில் இணைக்காதீர்கள், அது ஒரே நொடியில் இழுக்கும் மின்னைச் சிறிய யூபிஎஸ் தாங்காது. கடலுக்கு இவ்வளவு அருகில் உப்புக்காற்று மின்சுற்றுகளை அரித்துவிடும் என்பதால் முதன்மைக் கணினியைக் குளிரூட்டிய, மூடிய அறையில் வைத்திருக்கிறோம்.

மொழியில் இரண்டு இடத்தில் சிக்கல் வந்தது. எங்கள் பழைய சம்மதப் படிவங்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. புதிய மென்பொருளில் ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறின. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி வரிவரியாகப் படித்துத் திருத்தினோம். மற்றது நினைவூட்டல் குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் இடம். தமிழுக்கும் சிங்களத்துக்கும் 70 தான். தமிழில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். ஆறெழுத்துள்ள "பற்சிகிச்சை" அங்கே 11 குறிகளாகிவிடும். எல்லை தாண்டினால் செய்தி துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம். அதற்காக ஆங்கிலத்துக்குப் போகலாம் என்றார் விற்பனையாளர். நான் சம்மதிக்கவில்லை. வணக்கம், அன்புடன் எல்லாவற்றையும் விட்டு, திகதியும் நேரமும் நிலையத்தின் பெயரும் மட்டும் தமிழில் போகின்றன. வயதானவர்கள் பேரப்பிள்ளையைக் கூப்பிடாமல் தாங்களே வாசிக்கிறார்கள்.

சிகிச்சை அறையில் கையுறையோடு விசைப்பலகையைத் தொடக் கூடாது. நான் சொல்லச் சொல்ல உதவியாளர் தங்கச்சி பதிகிறாள். அவளுடைய விசைப்பலகையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை, நோயாளிக்கு நோயாளி மாற்றப்படும். திரையை நோயாளி பார்க்கும்படி திருப்பி வைத்ததில் இன்னொரு நன்மை கிடைத்தது. ஒருநாள் வயதான அம்மா ஒருவர், "பிள்ளை, 36 என்று சொன்னீர்களே, அது எந்தப் பல்?" என்று கேட்டார். திரையில் காட்டினேன். "அதற்குக் கண்டியில் வேர்ச்சிகிச்சை செய்தேனே, அதை எழுதவில்லையா?" என்றார். எழுதினோம். தன் வாயைப் பற்றிய பதிவைத் தானே சரிபார்க்கும் நோயாளியைவிட நல்ல மேற்பார்வையாளர் கிடையாது.

வாயை நேராகப் படம்பிடித்துக் கணினியில் முப்பரிமாண உருவமாக்கும் ஸ்கானரை நான் இன்னும் வாங்கவில்லை. நாங்கள் நோயாளியின் வாயில் எடுத்த பல் அச்சை ஆய்வுகூடத்தார் ஸ்கான் செய்து, சேர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகையில் பல்லுறை கடைந்து தருகிறார்கள். இரண்டு கதிரைக்கு இப்போதைக்கு அது போதும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நாளை நான் வேறு மென்பொருளுக்குப் போனால் என் நோயாளரின் தரவை எந்த வடிவில் தருவீர்கள்? விபரங்கள் சாதாரண அட்டவணையாகவும், எக்ஸ்ரே படங்கள் மருத்துவப் படங்களுக்கான பொதுவடிவமான டைகொம் வடிவிலும் வேண்டும் என்றேன். மழுப்பியவரிடம் நாங்கள் வாங்கவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையில் சேர்க்கிறது. ஆகவே ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கடவுச்சொல், தரவின் காப்புப் பிரதிகள் எல்லாம் பூட்டிய வடிவில். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று நிலையத்துக்கு வெளியே என்பது நாங்கள் பின்பற்றும் முறை.

பிரதி எடுத்தால் போதாது, அதைத் திறந்து பார்க்க வேண்டும். முதன்முறை ஒரு பழைய மடிக்கணினியில் மீட்டுப் பார்த்தபோது பெயர்களும் குறிப்புகளும் வந்தன, எக்ஸ்ரே படங்கள் வரவில்லை. படங்கள் வேறு கோப்புறையில் இருந்தன. விற்பனையாளர் அமைத்துத் தந்த தானியங்கிப் பிரதியில் அந்தக் கோப்புறை சேர்க்கப்பட்டிருக்கவே இல்லை. சேர்த்தோம். இப்போது ஒவ்வொரு மாத முடிவிலும் வரவேற்பில் இருக்கும் அக்கா பிரதியை மீட்டு, தான் விரும்பிய சில நோயாளரின் பதிவையும் படத்தையும் திறந்து பார்த்து, கொப்பியில் திகதி போட்டு ஒப்பமிடுகிறார்.