பள்ளிக்கு வெளியே எழுதப்பட்ட பதிவும் பள்ளித் தலைமையின் பொறுப்பும்

மாணவர்களின் சமூக ஊடகப் பயன்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே, பல பள்ளிகளில் அது கைபேசித் தடையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. வகுப்பு நேரத்தில் கைபேசி வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிரான்ஸ் 2018-இலேயே அதைச் சட்டமாக்கியது. ஆனால் தலைமையாசிரியரின் மேசைக்கு வரும் கடினமான புகார்கள் பள்ளி நேரத்தோடு நிற்பவை அல்ல. இரவில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தொடங்கும் ஏளனம், மறுநாள் காலை பாதிக்கப்பட்ட பிள்ளையோடு சேர்ந்தே வகுப்பறைக்குள் நுழைகிறது. வாசலில் கைபேசியை வாங்கி வைப்பதால் அதைத் தடுக்க முடியாது.

பள்ளியின் அதிகாரம் எதுவரை செல்லும் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பள்ளியின் முதன்மை சியர்லீடிங் (விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகமூட்டும்) அணியில் இடம் கிடைக்காத ஒரு மாணவி, விடுமுறை நாளில் ஒரு கடையில் இருந்தபடி ஸ்னாப்சாட்டில் பள்ளியைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். பள்ளி அவரை இளையோர் அணியிலிருந்து ஓராண்டுக்கு விலக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 ஜூனில் 8 நீதிபதிகள் மாணவியின் பக்கமும் ஒருவர் பள்ளியின் பக்கமும் நின்றனர். வளாகத்துக்கு வெளியே மாணவர் பேசுவதன் மீது பள்ளிக்கு உள்ள அதிகாரம் குறைவு என்று கூறிய அதே தீர்ப்பு, ஒருவரைக் குறிவைத்த கடுமையான துன்புறுத்தல், ஆசிரியர்களையோ சக மாணவர்களையோ மிரட்டுதல் போன்றவற்றில் பள்ளி தலையிடலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டம் அந்த நாட்டுக்கு உரியது என்றாலும், அது வகுத்த வேறுபாடு எந்தப் பள்ளிக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். நடைமுறையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது: பள்ளியையோ நிர்வாகத்தையோ குறை சொன்ன மாணவருக்கு உடனே தண்டனை கிடைக்கிறது, சக மாணவியைப் பல வாரங்களாகக் கேலி செய்த குழுவின் விஷயத்திலோ, "அது வெளியே நடந்தது, பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற பதில் வருகிறது.

புகார் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டாகவே வரும். அது வெட்டப்பட்டிருக்கலாம், முன்னும் பின்னும் உள்ள செய்திகள் விடுபட்டிருக்கலாம், முழுவதுமே போலியாகவும் இருக்கலாம். ஆகையால் கணக்கின் பெயர், தேதி, நேரம், இணைப்பு ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பையும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்டிப்பது, அந்தப் பதிவை இன்னும் பார்க்காதவர்களையும் தேடிப் பார்க்க வைக்கும். பாதிக்கப்பட்ட பிள்ளையைச் சில நாள் வீட்டில் இருக்கச் சொல்வதும் தவறு. அது பாதுகாப்பு என்ற பெயரில் அவருக்கே தரும் தண்டனை.

ஒரு வகைப் புகாரில் மட்டும் இந்த நடைமுறை முற்றிலும் மாற வேண்டும். சிறாரின் அந்தரங்கப் படம் பரவுகிறது என்றால், ஆதாரத்துக்காகக்கூட அதைப் பிரதி எடுக்கக் கூடாது. ஆசிரியர் குழுவுக்கு அனுப்புவது அதைவிட மோசம். பல நாடுகளில் அத்தகைய படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதுமே குற்றம். அனுப்பியவர் ஆசிரியர் என்பதால் விலக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலிப் படம் என்றாலும் ஏற்படும் காயம் உண்மையானதே. ஸ்பெயினின் அல்மென்ட்ராலெஹோ நகரில் 2023-இல் மாணவிகளின் படங்களை அவ்வாறு திரித்துப் பரப்பியதற்காக, அடுத்த ஆண்டு 15 சிறார்களுக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. இத்தகைய புகார் வந்ததும் காவல்துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ தெரிவிப்பதோடு, படத்தை அகற்றும் வழியையும் குடும்பத்துக்குக் காட்ட வேண்டும். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை, படத்தின் எண்வடிவ அடையாளத்தை (கைரேகை போல, அந்தப் படத்துக்கே உரிய குறியீட்டை) அவரவர் கருவியிலேயே உருவாக்கி, அந்தப் படத்தைக் கண்டுபிடித்து அகற்றுவதற்காக, இச்சேவையில் இணைந்துள்ள தளங்களுக்கு அதை மட்டுமே அனுப்புகிறது. படம் கருவியை விட்டு வெளியே செல்வதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளை வந்து சொல்ல வேண்டுமே! தளங்கள் பொதுவாக வைத்திருக்கும் 13 வயது வரம்பு, சிறுவர்களின் தரவுகளைச் சேகரிப்பது குறித்து அமெரிக்கா 1998-இல் இயற்றிய சட்டத்திலிருந்து வந்தது. பிள்ளையின் மனமுதிர்ச்சியை அளந்து வைத்ததன்று. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் அந்த வயதை 16 ஆக்கியிருக்கிறது. வரம்பு எதுவானாலும் அதற்குக் கீழுள்ள சிலர் கணக்கு வைத்திருப்பார்கள், மிரட்டப்பட்டாலும் கணக்கு இருப்பது தெரிந்துவிடும் என்று அஞ்சி வாய் திறக்க மாட்டார்கள். கணக்கு வைத்திருந்ததற்காகப் புகார் செய்பவருக்குத் தண்டனை கிடையாது என்ற ஒரு வரியைப் பள்ளியின் கொள்கையில் எழுதி, மாணவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். நீண்ட விழிப்புணர்வு உரைகளைவிட அது பயன் தரும்.

கண்காணிப்புச் செயலிகளை வாங்கும் ஆசையையும் சற்று அடக்கிக்கொள்வது நல்லது. பென்சில்வேனியாவிலேயே வேறொரு பள்ளி மாவட்டம், தான் கொடுத்த மடிக்கணினிகளின் கேமராவைத் தொலைவிலிருந்து இயக்கி, வீட்டிலிருந்த மாணவர்களைப் படமெடுத்த விவகாரத்தில் 2010-இல் 6,10,000 டாலர் தர ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பள்ளியின் சொந்தச் சமூக ஊடகப் பக்கத்துக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். மாணவரின் முகம், பெயர், வகுப்பு, மதிப்பெண் ஆகியவற்றை விளம்பரத்துக்காக ஒன்றாக வெளியிடும் பள்ளி, தனியுரிமையைப் பற்றி அவர்களுக்குப் பாடம் எடுத்தால் யார் கேட்பார்கள்? படத்தை வெளியிட யாரிடம் ஒப்புதல் பெறுவது, ஆசிரியர்கள் மாணவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பலாமா, பிள்ளையோ பெற்றோரோ கேட்டால் படத்தை அன்றே நீக்குவது யார் பொறுப்பு என்பவையும் அதே கொள்கைத் தாளில் இடம்பெற வேண்டும்.