நிற்காத டிக்: மேம்படுத்தலுக்குப் பின் அகராதிகளை மீட்ட நாட்குறிப்பு

7 அக்டோபர் 2024, திங்கள்

ஆப்பிளின் மூன்று மேக் கணினிகள் இயங்குதளத்தின் சோனோமா பதிப்பிலிருந்து செக்கோயா பதிப்புக்கு ஏற்றப்பட்டன. மூன்றைப் பற்றியும் வந்தது ஒரே புகார்: "அகராதியைக் காணோம்." திறந்து பார்த்தால் மூன்றும் மூன்று விதம். முதல் மடிக்கணினியில், மேக்கோடு வரும் டிக்ஷனரி செயலியில் விக்கிப்பீடியா மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதி உண்டு, ஆங்கிலம்–ஜெர்மன் இல்லை. மேசைக் கணினியில் உள்ளமைந்தவை எல்லாம் ஒழுங்காக உள்ளன. அங்கே போனது கையால் தயாரித்துச் சேர்த்த கலைச்சொல் அகராதி.

மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் இரண்டில் பொழுதுதான் வீண். டிக்ஷனரி செயலி வெறும் கூடு. அதனுள் தெரிவது மூன்று தனித்தனி விஷயங்களின் கூட்டு: எந்த அகராதிகளுக்கு டிக் (தேர்வுக்குறி) போடப்பட்டிருக்கிறது என்ற பட்டியல், அது பயனருக்குப் பயனர் மாறும். அகராதியின் உண்மையான தரவு, அது கணினி முழுவதற்கும் பொது. பயனரின் சொந்த அகராதிகள், அவை அவருடைய ஹோம் கோப்புறையில் இருக்கும். எது போயிற்று என்று தெரியாமல் இயங்குதளத்தை மறுபடி நிறுவ உட்காருவது மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்துகிற கதை.

விக்கிப்பீடியா தெரிவதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். அது வட்டில் இருக்கும் அகராதி அல்ல, ஒவ்வொரு தேடலிலும் வலையிலிருந்து வருவது. அது மட்டும் தெரிந்தால் இரண்டு செய்தி: செயலி வேலை செய்கிறது, இணையம் இருக்கிறது. தரவு இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

8 அக்டோபர், செவ்வாய்

எளிதானதை முதலில் எடுத்தோம், இரண்டாவது மடிக்கணினி. சிஸ்டம் செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் போய்ப் புதுப் பயனர் கணக்கு ஒன்று. அதில் நுழைந்து டிக்ஷனரியின் செட்டிங்ஸைத் திறந்து ஆங்கிலம்–ஜெர்மனுக்கு டிக் போட்டதும் உடனே தேடலில் வந்துவிட்டது, பதிவிறக்கமே நடக்கவில்லை. தரவு வட்டில் பத்திரமாக இருக்கிறது, பழைய கணக்கின் டிக் மட்டும் உதிர்ந்திருக்கிறது என்று பொருள்.

பழைய கணக்குக்குத் திரும்பி, டிக்ஷனரி திறந்து, செட்டிங்ஸைத் திறக்கக் கமாண்ட்–காற்புள்ளி. நீண்ட பட்டியல் வரும். அதில் வேண்டியதைத் தேடி டிக் போட்டு, மேலே இழுத்து வைத்தாயிற்று. இந்த வரிசை அலங்காரத்துக்கு அல்ல. "ஆல்" என்ற தாவலில் முடிவுகள் இதே வரிசையில்தான் வரும். நாலு அகராதிக்குக் கீழே இருப்பதைப் பலர் "இல்லை" என்றே சொல்லிவிடுகிறார்கள்.

டிக் போடாமலே சில அகராதிகள் தொடக்கத்தில் தெரிவது எப்படி? ஜெனரல் → லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் பகுதியில் உள்ள மொழி வரிசையை ஒட்டி. அந்தப் பட்டியலில் ஜெர்மன் இல்லையென்றால் ஜெர்மன் அகராதி தானாகத் தலைகாட்டாது. அப்போது கையால்தான் டிக் போட வேண்டும்.

சோதனைக்கு உண்டாக்கிய கணக்கை நீக்கியாயிற்று. மொத்தம் பதினைந்து நிமிடம்.

9 அக்டோபர், புதன்

முதல் மடிக்கணினி. புதுப் பயனர் கணக்கிலும் அதே வெறுமை, ஆக தரவே இல்லை. செட்டிங்ஸில் டிக் போட்டால் பதிவிறக்கம் தொடங்குவதுபோல ஒரு குறி, சற்று நேரம், பிறகு டிக் தானாக மறைந்துவிடுகிறது. மறுபடி போட்டாலும் அதே.

இங்கேதான் பழைய பழக்கம் குழியில் தள்ளும். 2005-இல் மேக் இயங்குதளத்தின் 10.4 டைகர் பதிப்போடு டிக்ஷனரி வந்த நாள் தொட்டுப் பல பதிப்புகள் வரை உள்ளமைந்த அகராதிகள் வட்டின் லைப்ரரி கோப்புறைக்குள் டிக்ஷனரிஸ் என்ற இடத்தில் சாதாரணக் கோப்புகளாகக் கிடந்தன. ஒன்று தொலைந்தால் அதே பதிப்பு ஓடும் இன்னொரு கணினியிலிருந்து நகலெடுத்துப் போட்டால் தீர்ந்தது. இப்போது அப்படி இல்லை. உள்ளமைந்தவை என்று இன்றைக்கு நாம் சொல்வது தேவைப்படும்போது இறங்கும் சரக்கு, ஆப்பிளின் பேச்சில் அசெட். அவை போய்ச் சேரும் இடம் சிஸ்டம் → லைப்ரரி → அசெட்ஸ்வி2. அதற்குள் மொபைல்அசெட், டிக்ஷனரிசர்வீசஸ் என்ற சொற்கள் வரும் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். பெயரின் பின்னொட்டு பதிப்புக்கேற்ப மாறும். ஃபைண்டரில் ஷிஃப்ட்–கமாண்ட்–ஜி அழுத்திப் பாதையைத் தட்டினால் பார்க்கலாம். உள்ளே புரியாத எழுத்துக் குவியல்களைப் பெயராகக் கொண்ட அசெட் கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் அசெட்டேட்டா, அதற்குள் அகராதி. பெயரைப் பார்த்து எது எந்த அகராதி என்று சொல்ல முடியாது, திறந்தால்தான் தெரியும்.

இந்த மடிக்கணினியில் கோப்புறை இருக்கிறது, உள்ளே அகராதி எதுவும் இல்லை.

அருகிலிருக்கும் கணினியிலிருந்து அசெட் கோப்புறையை எடுத்து இங்கே ஒட்டலாமே என்று கை அரிக்கும். ஒட்டாது. 2019-இல் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பு வட்டைச் சிஸ்டம், டேட்டா என்று இரண்டாகப் பிரித்தது. 2020-இல் பிக் சர் பதிப்பு சிஸ்டம் பகுதியை முத்திரையிட்டு மூடியது. அசெட்ஸ்வி2 பார்வைக்குச் சிஸ்டத்துக்குள் இருந்தாலும் உண்மையில் டேட்டா பகுதியில் உள்ளது. ஆனாலும் அதன்மேல் சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொட்டெக்ஷன் என்ற, இயங்குதளக் கோப்புகளை மாற்றவிடாத பாதுகாப்பு காவல் நிற்கிறது. கட்டளை தட்டும் டெர்மினலில் சுடூ (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் முன்சொல்) போட்டு நிர்வாகிக் கடவுச்சொல் கொடுத்தாலும் அனுமதி இல்லை என்றே வரும். பழுது நீக்குவதற்கான ரெக்கவரி தொடக்கத்தில் நுழைந்து காவலை அணைத்துவிட்டு ஒட்ட முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: ஒரு அகராதிக்காக அதைச் செய்யாதீர்கள். எந்த அசெட் இறங்கியிருக்கிறது என்ற கணக்கை வைத்திருப்பது மொபைல்அசெட்டி என்ற பின்னணிச் சேவை. அதன் கணக்கில் ஏறாத கோப்பு அங்கே கிடந்தும் பயன் நிச்சயமில்லை.

ஆக வேலை கோப்பை வைப்பது அல்ல, அந்தச் சேவை கோப்பைக் கொண்டுவராமல் இருப்பது ஏன் என்று கண்டுபிடிப்பது. முதலில் சில்லறைக் காரணங்கள். வட்டில் இடம்: இருக்கிறது. தேதி, நேரம்: சரி. கடிகாரம் வெகுவாகப் பிசகினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகிப் பதிவிறக்கம் நின்றுபோகும். வைஃபையில் லோ டேட்டா மோடு (தரவுச் செலவைக் குறைக்கும் தெரிவு): அணைந்தே இருக்கிறது. ஒருமுறை மறுதொடக்கம்: பலனில்லை. அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் தொடக்கம்: பலனில்லை. ஆப்பிள் சிலிக்கான் கணினியில் அதற்கு முழுதாக அணைத்து, தொடக்கத் தெரிவுகள் வரும்வரை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, வட்டைத் தேர்ந்து ஷிஃப்டைப் பிடித்தபடி தொடர வேண்டும். இன்டெல் கணினியில் தொடங்கும்போது ஷிஃப்ட் மட்டும் போதும்.

10 அக்டோபர், வியாழன்

கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து டிக் போட்டதும் டிக் நின்றது, அகராதி இறங்கியது.

அலுவலக வலையின் வடிகட்டிதான் குற்றவாளி. இந்த மடிக்கணினி போகும் வலைப்பிரிவில் வடிகட்டி ஒவ்வொரு ஹெச்டிடிபிஎஸ் (மறையாக்கிய) இணைப்பையும் நடுவில் பிரித்துப் படித்து, தன் சொந்தச் சான்றிதழை ஒட்டி அனுப்புகிறது. உலாவி அந்தச் சான்றிதழை நம்பும்படி அமைத்திருப்பதால் வலைத்தளங்கள் திறக்கின்றன, விக்கிப்பீடியாவும் வருகிறது. இயங்குதளத்தின் பதிவிறக்கச் சேவைகள் நடுவில் ஒருவர் பிரித்துப் பார்த்த இணைப்பை ஏற்பதில்லை. உலாவியில் வேலை செய்கிறதே, பிறகென்ன என்ற வாதம் இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

வடிகட்டியில் செய்த மாற்றம்: மெசு, ஜிடிஎம்எஃப் என்ற முன்னொட்டுகளுடன் ஆப்பிள் டாட் காமில் முடியும் முகவரிகளையும், அப்டேட்ஸ் டாட் சிடிஎன்-ஆப்பிள் டாட் காமையும் பிரித்துப் பார்க்காமல் 443-ஆம் போர்ட்டில் நேரே விடுவது. மெசுவும் ஜிடிஎம்எஃப்பும் என்ன கிடைக்கும் என்ற பட்டியலைத் தருபவை. சரக்கு வருவது சிடிஎன்னிலிருந்து, அதாவது கோப்புகளைப் பரிமாறும் சர்வர்களிலிருந்து. பட்டியலுக்கு வழிவிட்டுச் சரக்கை மறித்தால் டிக் போட்டதும் தொடங்கிப் பாதியில் நிற்கும். பட்டியலையே மறித்தால் தொடங்கவே தொடங்காது.

இயங்குதளத்தின் பதிவுகளைக் காட்டும் கன்சோல் செயலியில் மொபைல்அசெட்டி என்று வடிகட்டி வைத்துக்கொண்டு டிக் போட்டால் எந்த இடத்தில் முறிகிறது என்று நேரில் பார்க்கலாம். வரிகள் மழைபோலக் கொட்டும். டிக் போடுவதற்குச் சற்று முன்பு ஓட்டத்தைத் தொடங்கி, டிக் மறைந்ததும் நிறுத்திவிட்டால் படிக்கக்கூடிய அளவில் இருக்கும்.

மாற்றத்துக்குப் பின் அலுவலக வலையிலேயே ஜப்பானிய அகராதி ஒன்றுக்கு டிக் போட்டுச் சோதித்தோம். இறங்கியது. தேவையில்லாத ஒன்றைச் சோதனைக்குத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஏற்கெனவே இறங்கியதற்கு டிக் போட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது.

11 அக்டோபர், வெள்ளி

அதே மடிக்கணினியில் ஒரு மிச்சம். டிக்ஷனரி செயலியில் எல்லாம் வருகிறது, ஆவணத்தில் சொல்லின்மேல் கர்சரை வைத்துக் கன்ட்ரோல்–கமாண்ட்–டி அழுத்தினால் வரும் குட்டிப் பலகை காலி. அந்தப் பலகையைக் காட்டுவது வேறொரு நிரல், ஓடும் நிரல்களைக் காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரில் லுக்கப்வியூசர்வீஸ் என்று தெரியும். அதை அங்கே நிறுத்தினால் அடுத்த அழுத்தலில் புதிதாக எழும். எழுந்தது, சரியானது. மூன்று விரல் தட்டு வேலை செய்யாவிட்டால் அது வேறு கதை, டிராக்பேட் செட்டிங்ஸில் லுக்கப் தெரிவு அணைந்திருக்கும்.

14 அக்டோபர், திங்கள்

மேசைக் கணினி, கலைச்சொல் அகராதி. சொந்த அகராதிகளின் இடம் ஹோம் கோப்புறைக்குள் லைப்ரரி → டிக்ஷனரிஸ். ஹோமில் லைப்ரரி மறைந்திருக்கும். ஃபைண்டரின் கோ மெனுவில் ஆப்ஷனைப் பிடித்தால் தெரியும். டிக்ஷனரி செயலியின் ஃபைல் மெனுவில் அந்தக் கோப்புறையை நேரே திறக்கும் கட்டளையும் உண்டு, அதுவே சுருக்கு வழி. இங்கே சிஸ்டம் காவல் இல்லை, தாராளமாக ஒட்டலாம்.

கோப்புறையில் அகராதி இருக்கிறது, ஆனால் ஒரு அடுக்கு உள்ளே. பழைய காப்புப் பிரதியின் ஜிப்பை விரித்தபோது உருவான உறைக் கோப்புறையோடு சேர்த்து யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். டிக்ஷனரி நீட்டிப்பு உள்ள தொகுப்பு நேரடியாக அங்கே இருக்க வேண்டும். வெளியே இழுத்துவிட்டு, செயலியை முழுதாக மூடித் திறந்து, டிக் போட்டதும் பட்டியலில் வந்தது. டிக்கை மறப்பதுதான் இந்தக் கட்டத்தின் வழக்கமான தவறு. புதிதாக வைத்த அகராதி தானாக இயங்கத் தொடங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வந்தது, ஆனால் பாதிச் சொற்களுக்கு விடை இல்லை. தொகுப்பின்மேல் வலச்சொடுக்கி ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ் பார்த்தால், சொல் அட்டவணைக்குரிய கீடெக்ஸ்ட் இன்டெக்ஸின் அளவு காப்புப் பிரதியில் உள்ளதைவிடச் சிறியது. நகல் நடுவில் முறிந்திருக்கிறது. விளக்கங்கள் அடங்கிய பாடி டேட்டா முழுதாக இருந்தாலும் அட்டவணை குறைந்தால் தேடலுக்குச் சொல் அகப்படாது. மூலக் கோப்பு கையில் இருப்பதால் ஒட்டுப்போடாமல் புதிதாகக் கட்டுவதே சுத்தம்.

15 அக்டோபர், செவ்வாய்

கட்டும் கருவி டிக்ஷனரி டெவலப்மென்ட் கிட், ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடுக்கான கூடுதல் கருவிகள் தொகுப்பில் வருவது. அதிலுள்ள மாதிரித் திட்டத்தை நகலெடுத்தால் நாலு கோப்பு: எக்ஸ்எம்எல் (பதிவுகள்), சிஎஸ்எஸ் (தோற்றம்), ப்ளிஸ்ட் (அகராதியின் விவரங்கள்), மேக்ஃபைல் (கட்டும் கட்டளைகள்). மேக்ஃபைலில் அகராதியின் பெயரையும் கிட் இருக்கும் பாதையையும் திருத்தி, டெர்மினலில் மேக் (make) என்ற கட்டளை, பிறகு மேக் இன்ஸ்டால் (make install). ஆப்ஜெக்ட்ஸ் கோப்புறையில் தொகுப்பு உருவாகி, ஹோமின் டிக்ஷனரிஸுக்குப் போய்விடும்.

ப்ளிஸ்டில் பண்டில் ஐடென்டிஃபையரை (தொகுப்பின் தனி அடையாளப் பெயரை) மாற்றாமல் விட்டால், அதே மாதிரியிலிருந்து கட்டிய இன்னொரு அகராதியோடு மோதும். எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி ஐடி இருக்க வேண்டும்.

நேரம் பிடித்தது தமிழ்ச் சொற்களின் இன்டெக்ஸ், அதாவது எந்தச் சொல் வடிவத்தைத் தேடினால் பதிவு கிடைக்கும் என்ற குறிப்பு. "கொ" என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கோப்பு முழுவதையும் என்எஃப்சி என்ற, சேர்த்தெழுதும் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டுக் கட்டினால் அந்தச் சந்தேகம் தீரும். ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. "ஸ்ரீ"யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். யூனிகோடு இவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. அந்தப் பதிவுக்கு இரண்டு இன்டெக்ஸ் வேண்டும். "ஔ" வரும் சொற்களுக்கு ஒகரத்தோடு ளகரம் தட்டிய பிழை வடிவையும் சேர்த்தோம். ஔடதத்தைத் தேடுகிறவர்களில் பலர் அப்படித்தான் தட்டுகிறார்கள்.

வேற்றுமை உருபு அடுத்த தலைவலி. ஆவணத்தில் "மரத்தை" என்ற சொல்லின்மேல் நின்று அழுத்தினால் தேடப்படுவது மரத்தை, மரம் அல்ல. மரம், மரத்தை, மரத்தில், மரத்தின் என ஒரு பதிவுக்கே பல இன்டெக்ஸ் கொடுத்தால்தான் குட்டிப் பலகை பயன்படும். எல்லா வடிவத்தையும் அடுக்கினால் கோப்பு ஊதிப்போகும். கலைச்சொற்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்கள் என்பதால் உருபேற்ற நாலைந்து வடிவங்களோடு நிறுத்திக்கொண்டோம்.

17 அக்டோபர், வியாழன்

"அகராதி வந்தும் சிவப்புக் கோடு போகவில்லை" என்று ஒரு கேள்வி. அது பொருள் அகராதி அல்ல, எழுத்துப்பிழை திருத்தி. இரண்டுக்கும் தரவு வேறு, இடம் வேறு. ஹோமின் லைப்ரரிக்குள் ஸ்பெல்லிங் என்ற கோப்புறையில் ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி வகையின் இரட்டைக் கோப்புகளை, அதாவது ஏஎஃப்எஃப் (விதிகள்), டிஐசி (சொற்பட்டியல்) இரண்டையும் ஒரே பெயரில் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் பலனில்லை. பிறகு கீபோர்டு செட்டிங்ஸில் எழுத்துத் திருத்த மொழிப் பட்டியலில் டிக். "லேர்ன் ஸ்பெல்லிங்" கொடுத்துச் சேர்த்த சொற்கள் லோக்கல்டிக்ஷனரி என்ற சாதாரண உரைக் கோப்பில், வரிக்கு ஒரு சொல்லாக இருக்கும்.

அடுத்த மேம்படுத்தலுக்கு முன் எடுத்து வைக்க: ஹோமின் டிக்ஷனரிஸ் கோப்புறை, ஸ்பெல்லிங் கோப்புறை, கலைச்சொல்லின் எக்ஸ்எம்எல், செட்டிங்ஸில் டிக் போட்ட பட்டியலின் திரைப்பிடிப்பு ஒன்று. அசெட்ஸ்வி2-வை எடுத்து வைத்து ஆகப்போவது எதுவும் இல்லை.