முப்பதாயிரத்தை மூன்றாகப் பிரிப்பது

காரைக்குடியில், ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆர்டர் பிடித்துத் தரும் ஓர் ஏஜென்ட்டிடம் கணக்கு எழுதுகிறேன். கல் வார்க்கும் பட்டறைக்கு எவ்வளவு, பதிக்கும் கொத்தனாருக்கு எவ்வளவு, எங்களுக்கு எவ்வளவு என்று வேலை முடியும்போதெல்லாம் பேச்சு முற்றும். வாடிக்கையாளரிடம் பணம் வாங்குகிறவர் சொல்வதே கடைசியில் நிற்கும். கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றிக் கையால் செய்கிற கல் அது. பதிக்கத் தெரியாதவர் கையில் போனால் அத்தனை உழைப்பும் பாழ். அப்படியும் கொத்தனாருக்குத்தான் எப்போதும் குறைச்சல்.

அமெரிக்கக் கணித அறிஞர் லாயிட் ஷாப்லி 1953-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒவ்வொருவராக வேலைக்குள் வருவதாக வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் லாபம் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லா வரிசைகளுக்கும் பார்த்துச் சராசரி எடுத்தால் அதுதான் அவர் பங்கு. 1977-ல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ரோஜர் மையர்சன் இதில் தொடர்பையும் சேர்த்தார்: தொடர்பில் இருப்பவர்கள் மட்டுமே சேர்ந்து லாபம் பார்க்க முடியும்.

ஒரு பேச்சுக்கு, பட்டறையும் ஏஜென்ட்டும் கல்லை மட்டும் விற்றால் 12,000 ரூபாய் லாபம். ஏஜென்ட்டும் கொத்தனாரும் வேறு கல் பதித்தால் 6,000. மூவரும் சேர்ந்தால் 30,000. பட்டறைக்கும் கொத்தனாருக்கும் பழக்கம் இல்லை; அதனால் அவர்கள் இருவர் மட்டும் சேர்ந்து லாபம் பார்க்க முடியாது. தனியாக யாருக்கும் லாபம் இல்லை. ஆறு வரிசைகளையும் போட்டுப் பார்த்தால் பட்டறைக்கு 10,000, ஏஜென்ட்டுக்கு 13,000, கொத்தனாருக்கு 7,000 வருகிறது.

சரி, கொத்தனார் ஏஜென்ட்டோடு முறித்துக்கொண்டால்? மிச்சமிருக்கும் 12,000 மற்ற இருவருக்கும் ஆளுக்குப் பாதி. கொத்தனாருக்கு 7,000 நஷ்டம்; 13,000 வாங்கிய ஏஜென்ட்டுக்கு 6,000தான் என்பதால் அவருக்கும் அதே 7,000 நஷ்டம். பட்டறை முறித்துக்கொண்டால் மிச்சமிருக்கும் 6,000 ஏஜென்ட்டுக்கும் கொத்தனாருக்கும் பாதிப் பாதி; பட்டறைக்கும் ஏஜென்ட்டுக்கும் ஆளுக்கு 10,000 நஷ்டம். தொடர்பு அறுந்தால் இருவருக்கும் நஷ்டம் சமமாக இருக்க வேண்டும்; மையர்சன் நியாயம் என்றது இதைத்தான். ‘என்னால்தான் உனக்குப் பிழைப்பு’ என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இனி பட்டறையும் கொத்தனாரும் நேரடியாகப் பேசிக்கொண்டு, தாங்களாகவே 12,000 பார்க்க முடியும் என்று வையுங்கள். மொத்தம் அதே 30,000தான். பட்டறைக்கு 12,000, கொத்தனாருக்கு 9,000, ஏஜென்ட்டுக்கு 9,000. ஏஜென்ட்டுக்குக் குறைந்த அந்த 4,000, மற்ற இருவரும் ஒருவரையொருவர் அறியாததால் வந்த பணம்.

இதை முதலாளியிடம் காட்டினேன். “ஒருத்தர் போன் நம்பரை இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டா அப்புறம் நாம எதுக்குப்பா?” என்றார். “ஆள் பிடிக்கிறோம், அளவெடுக்கிறோம், முன்பணம் போடுறோம். அதுக்குத்தாண்ணே அந்த 9,000” என்றேன். கொத்தனார் பங்கைத் தனி வரியாக எழுத ஒத்துக்கொண்டார். நம்பர் கொடுப்பதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.